எண்ணெய் குடித்த பிரேக்

…மூன்று திருகாணி வந்துவிட்டது, நான்காவதுதான் முரண்டு பிடிக்கிறது, எந்த வேலையிலும் இப்படிக் கடைசியாக ஒன்று வீம்புக்கென்று நிற்கும், உப்பு ஏறி வெள்ளையாகப் பூத்திருக்கிறது, தலையில் இருக்கும் வெட்டே கண்ணுக்குத் தெரியவில்லை, சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு, இன்னொரு தட்டு, பலமாகத் தட்டினால் தலை உடைந்து போகும், உடைந்தால் இன்றைக்கு முடியாது, இன்றைக்கு முடியாவிட்டால்… வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். மத்தியானம் மச்சினன் வேன் எடுத்துக்கொண்டு வருகிறான், அவனுடைய அக்காவையும் அவளுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போக. அதற்குள் படகின் இந்தச் சக்கரம் அசையாமல் நின்றாக வேண்டும். நின்றால் என்ன ஆகும், வேன் பாதி வழியில் திரும்பிவிடுமா, கீழே கேபினில் அவள் மடித்து மடித்து அடுக்குகிற துணியெல்லாம் தானாக எழுந்து அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். காலையில் கண் விழித்ததும் அவருடைய கை தானாக டூல்ஸ் பெட்டியைத் தேடியது, அவ்வளவுதான். அவள் பல் துலக்கிக்கொண்டே கேபின் படியில் நின்று பார்த்தாள். "இன்னிக்கா?" என்றாள். "பத்து நிமிஷ வேலை" என்றார். வாயில் நுரையோடு சிரித்துவிட்டாள்… அந்தச் சிரிப்பு, ஐயோ, அந்தச் சிரிப்பில் கொஞ்சமாவது கோபம் இருந்திருக்கக் கூடாதா.

பத்து நிமிஷம் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே புரிகிற கணக்கு. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலம், ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஒரே ஒரு பெண், கதவு இடுக்கில் வாயை வைத்து "பயப்படாதீங்க, பத்து நிமிஷத்துல எடுத்துடுறேன்" என்று இவர் சொல்ல, கடைசியில் கதவைத் திறக்கும்போது தெருவில் விளக்குப் போட்டாகிவிட்டது. நடுவில் ஒரு தரம் உள்ளேயிருந்து குரல் வந்தது, "ஏங்க, உங்க வீட்டுக் கடிகாரத்துல நிமிஷம் எவ்வளவு பெருசு?" அழுகிற குரலாக இருந்திருந்தால் இவர் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார், அது சிரிக்கிற குரலாக இருந்ததால் கல்யாணத்தில் போய் முடிந்தது. பிறகு மகள் பிறந்து, வளர்ந்து, அவளுக்கும் கல்யாணம் ஆகி, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பத்து நிமிஷம் கூடவே வந்தது, "எப்ப வருவார்?" என்று யாராவது கேட்டால் "அவரோட நிமிஷத்துலயா, நம்ம நிமிஷத்துலயா?" என்பாள். இந்தப் படகும் அப்படித்தான், ரெண்டு வருஷம், வேலையை விட்டதும் ஒரு பாய்மரப் படகு, கரையை ஒட்டியே போய்க்கொண்டிருப்போம், பிடித்த இடத்தில் நிறுத்துவோம், ரெண்டே வருஷம், திரும்பி வந்து வீட்டில் இருப்போம் என்றார். அவள் சரி என்றாள். அது யாருடைய வருஷம் என்று அவள் கேட்டிருக்கலாம்… கேட்கவில்லை. ஆறு வருஷமாகப் படகு இந்தத் துறையில், இந்த மரமேடையில், இதே முளையில் கட்டிக் கிடக்கிறது. பம்ப் போனது, அதைப் பார்த்தார். பாய் கிழிந்தது, அதைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, அதையும். கிளம்புவதற்கு முன்னால் இது ஒன்றை மட்டும், இது ஒன்றை மட்டும்… நகர்ந்தது! நான்காவது திருகாணி ஒரு இம்மி நகர்ந்தது. நகர்ந்தால் வந்துவிடும்.

நான்காவதும் வந்ததும், திசைகாட்டியை அதன் வயரோடு மெல்லத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். சக்கரத்தைத் தாங்குகிற இடுப்பு உயரத் தூண், அதன் தலையில் திசைகாட்டி, நெஞ்சுக்கு நேரே பெரிய சக்கரம், பக்கவாட்டில் கைப்பிடிக்கு ஒரு குமிழ், அந்தக் குமிழை முறுக்கினால் தூணுக்குள் இருக்கும் இரண்டு பிரேக் கட்டைகள் சக்கரத்தின் தண்டை இரண்டு உள்ளங்கைகள் போலச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பதில்லை. முறுக்க முறுக்கக் குமிழ் கடைசி வரை போகிறது, சக்கரம் பாட்டுக்கு ஆடுகிறது. கட்டிப்போட்ட படகென்றாலும் அடியில் தண்ணீர் சும்மா இருக்குமா, சுக்கானை இந்தப் பக்கம் தள்ளும், அந்தப் பக்கம் தள்ளும், சுக்கான் ஆடினால் வயர் இழுக்கும், வயர் இழுத்தால் செயின் நகரும், செயின் நகர்ந்தால் சக்கரம் ஆடும், டக்… டக்… அந்தச் சத்தம் தூண் வழியாக இறங்கி, நேராக அவர்கள் படுக்கிற பலகைக்கு அடியில் போய், அவளுடைய தலைமாட்டில்தான் உட்காரும். "உங்களுக்குக் கேக்கலையா?" "கேக்குது. படகுன்னா சத்தம் வரும்." "சொட்டுற குழாய் மாதிரி இருக்குங்க." "பாக்குறேன்." பாக்குறேன் என்பதும் ஒரு பத்து நிமிஷம்தான். பார்க்காமல் இல்லை, இரண்டு தடவை புதுக் கட்டை மாற்றினார், மாற்றினால் சில நாள் பிடிக்கும், பிறகு பழையபடி டக், டக், கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டிவிட்டு விட்டுவிடுவார்.

"என்ன சார், ஆபரேஷனா?" என்று அடுத்த படகிலிருந்து குரல். பல் டாக்டர், கிளினிக்கை மூடிவிட்டுப் படகுக்கு வந்தவர், உலகத்தையே வாயாகவும் அதில் இருக்கும் எல்லாவற்றையும் பல்லாகவும் பார்ப்பவர், கையில் டீயோடு கம்பியில் சாய்ந்து நின்றார். "பிரேக் பிடிக்கலை டாக்டர்." "வேர் வரைக்கும் போயிடுச்சா?" "தெரியலை. இப்பத்தான் வாயைத் திறந்திருக்கேன்." "அதான் அன்னிக்கே சொன்னேன், கயிறு போட்டுக் கட்டுங்கன்னு. என்னோடதைப் பாருங்க, கட்டி மூணு வருஷம் ஆச்சு, மூச்சு விடலை." கயிறு… பிரேக் என்று ஒன்று இருக்கும்போது கயிறு போட்டுக் கட்டுவதா, வாழ்நாள் முழுவதும் பிரேக் பார்த்த மனிதன் தன் படகின் சக்கரத்தை மாட்டைக் கட்டுவது போலக் கட்டி வைப்பதா என்று ஒரு ரோஷம். ஒரு காற்று நாளில் அவள் எழுந்து வந்து தன் பழைய டவலால் சக்கரத்தைத் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள், காலையில் பார்த்துவிட்டு இவர் அதை அவிழ்த்து, பிழிந்து, கொடியில் காயப்போட்டார். டவல் நாள் முழுக்கக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதை ஏன் அவிழ்த்தேன்… ஒரு டவல்தானே, இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? டாக்டர் குரலை இறக்கினார். "வீட்ல… இன்னிக்குத்தானா?" மேடை முழுக்கத் தெரிந்திருக்கிறது. "ஆமா" என்றார். இதற்குப் பொருத்தமாக டாக்டருக்குப் பல்லில் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. "உங்களுக்கும் ஒரு டீ போடட்டா சார்?" என்று மட்டும் கேட்டார்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தூணுக்குள் எட்டிப் பார்த்தார், பல்சக்கரம், அதன் மேல் செயின், அதன் குறுக்கே தண்டு, தண்டைக் கவ்விக்கொண்டு கட்டைகள், எல்லாம் கறுத்துப்போய், எல்லாம் அதனதன் இடத்தில்… அது என்ன? வெளிச்சத்தில் பொன் நிறமாக ஒரு துளி. தண்டு சுழல்கிற பேரிங்கின் ஓரத்தில் திரண்டு நின்றது, படகு லேசாக ஆடியதும் தண்டின் மேல் நழுவி வந்தது, மெதுவாக, வழி தெரிந்த பூனை மாதிரி, பிரேக் கட்டை வரைக்கும் வந்தது, நின்றது, காணாமல் போனது. கட்டை அதைக் குடித்துவிட்டது. அவர் டார்ச்சை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். நேற்று அவர் போட்ட எண்ணெய். வாரம் தவறாமல், ஞாயிற்றுக்கிழமை, மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு தூணின் பக்கவாட்டுத் துளை வழியாக, உப்புக் காற்றாயிற்றே, செயின் துருப்பிடிக்கக் கூடாதே, பேரிங் இறுகக் கூடாதே என்று தாராளமாக, அவளுடைய தலைவலித் தைலத்தைக்கூட அவ்வளவு சிரத்தையாக அவர் தேய்த்துவிட்டதில்லை, அப்படி ஊற்றிய எண்ணெய் எல்லாம் ஒவ்வொரு துளியாக நடந்து வந்து இந்தக் கட்டைக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. லிஃப்ட் மோட்டார் அறையில், 'பிரேக் பக்கம் எண்ணெய் கொண்டுபோகாதே' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்தவரே அவர்தான். புதிதாக வந்தவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்வார். லிஃப்ட்டின் பிரேக் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும், கரண்ட் வந்தால்தான் விடும், அதனால்தான் கரண்ட் போனாலும் யாரும் கீழே விழுவதில்லை, என்று மகள் சின்னவளாக இருந்தபோது எத்தனை தரம் விளக்கியிருப்பார்… அவ்வளவும் தெரிந்த ஆள். மட்டமான சரக்கு என்று கடைக்காரனைத் திட்டிய ஆள். கவனிக்காமல் விட்டிருந்தால், ஒன்றுமே செய்யாமல் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை தூங்கியிருந்தால், இந்தப் பிரேக் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கும்.

குமிழின் தண்டைக் கழற்ற வேண்டும். அதன் முனையில் ஒரு வளையக் கிளிப், பிறகு ஒரு வாஷர், இரண்டும் கையை விட்டு நழுவினால் தூணின் வயிற்றுக்குள் போய்விடும், முதலில் ஒரு துணியைத் திணித்துத் துளையை அடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், தெரிந்து என்ன, கை கிளிப்பின் மேல் போய்விட்டது, கிளிப் விரலில் சிக்கிக்கொண்டது, வாஷர் சிக்கவில்லை, டிங், டிங், என்று இரண்டு இடத்தில் மோதிக்கொண்டே கீழே போனது. போயிற்று. அவர் அப்படியே தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே துணி மடிக்கிற சத்தம் நின்றது. படுக்கைப் பலகையை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவள் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுகிறாள் என்று சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்தது, ஆறு வருஷத்தில் அந்தப் பொந்துக்குள் விழாதது எது, திருகாணி, பென்சில், மூக்குக் கண்ணாடியின் ஒரு காது, ஒரு தரம் அவருடைய கல்யாண மோதிரம், எல்லாவற்றையும் எடுத்தது அவளுடைய கைதான், எந்தக் குழியில் எது போய்த் தங்கும் என்று அந்தக் கைக்குத்தான் தெரியும். படியேறி வந்தாள். கறுப்பாகிப்போன உள்ளங்கையில் வாஷர். "இந்தாங்க." "கை அழுக்காயிடுச்சே" என்றார். "கழுவினா போயிடும்." அவருக்குப் பேச ஒரு இடம் கிடைத்தது போலிருந்தது. "எண்ணெய்தான்" என்றார், "எண்ணெய் போட்டுப் போட்டு நானே கெடுத்து வெச்சிருக்கேன், இப்பத்தான் பாத்தேன்." அவள் தூணுக்குள் எட்டிப் பார்த்தாள், உண்மையாகவே பார்த்தாள், அந்த அக்கறை மாறவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அடப்பாவமே" என்றாள், "அவ்வளவு கவனிப்பா?" சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். கிண்டலா அது? கிண்டல்தான். வேறென்ன.

பழைய கட்டைகளை வெளியே எடுத்துத் தின்னரில் முக்கிய வேஸ்ட் துணியால் துடைத்துப் பார்த்தார், உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார், மேலே வெளுக்கிறது, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து மறுபடியும் கசிகிறது. எண்ணெய் குடித்த கட்டை குடித்ததுதான், அதைத் துடைத்துத் தேற்ற முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான், லிஃப்டிலும் அதேதான். புதுசு ஒரு ஜோடி இழுப்பறையில் இருக்கிறது, போன தடவை சேர்த்து வாங்கியது, பொட்டலம்கூடப் பிரிக்கவில்லை. முதலில் தண்டைத் துடைக்க வேண்டும், பேரிங்கைத் துடைக்க வேண்டும், ஒரு சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது, எண்ணெய்க்குப் பதில் கெட்டி கிரீஸ் விரல் நுனியில் கொஞ்சம், அது எண்ணெய் மாதிரி நடந்து போகாது, வைத்த இடத்தில் நிற்கும். துடைத்தார். துடைக்கத் துடைக்கத் துணி கறுத்தது, வேறு துணி எடுத்தார்… அவள் கடைசியாக எப்போது இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னாள்? போன மாதமா? இல்லை. மழைக்காலத்திலா? அப்போதும் இல்லை. மகள் வந்திருந்தபோது, "எப்படிம்மா இதுல தூங்குறே?" என்று அவள் கேட்டதற்கு, இவள் "பழகிடுச்சுடி" என்றாள். பழகிவிட்டது என்று கேட்டதும் அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது, ஒரு வேலை தானாக முடிந்துவிட்ட மாதிரி. அதற்குப் பிறகு அவள் குழாய் என்று சொல்லவில்லை, தலைவலி என்று சொல்லவில்லை, எப்போது கிளம்புவோம் என்று கேட்கவில்லை, வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்தத் தீவு பேரே நல்லா இருக்கே என்று சொல்லவில்லை. அவர் அதை அமைதி என்று எண்ணிக்கொண்டார். ஒருத்தி மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள், அந்தச் சத்தம்தான் கேட்கவில்லை.

போகப்போவதைச் சொன்ன விதமும் அப்படித்தான், சாப்பாட்டு மேஜையை மடக்கிக்கொண்டே சொன்னாள், "எனக்கு ஆடாத தரை வேணும்ங்க." அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, "இங்க தரையே ரெண்டு எட்டுதான், அதுல ஆடினா என்ன ஆடாட்டி என்ன?" என்றார், அவளும் சிரித்தாள், சிரித்து முடித்த பிறகு, "ரூம் பாத்தாச்சு, தம்பி வீட்டுக்குப் பக்கத்துலயே" என்றாள். "என் மேல கோபமா?" "கோபம் இருந்தா இங்கேயே உக்காந்து சண்டை போட மாட்டேனா?" அவ்வளவுதான். நீயும் வா என்று கூப்பிடுவாள் என்று ஒரு வாரம் காத்திருந்தார், நான் வரட்டுமா என்று கேட்பார் என்று அவளும் காத்திருந்தாளோ என்னவோ… கேட்டிருக்கலாம். படகை இப்படியே போட்டுவிட்டு எப்படி, பிரேக் வேறு சரியில்லை, என்றுதான் அப்போது மனசு ஓடியது. சரியான நேரத்தில் சரியில்லாமல் போவதற்கென்றே ஏதாவது ஒன்றை அவர் எப்போதும் வைத்திருந்தாரோ? சீ, என்ன யோசனை இது. கட்டைகள் உட்கார்ந்துவிட்டன. குமிழின் தண்டைச் செருகினார். வாஷர். இந்த முறை துணியைத் திணித்தார். கிளிப் 'கிளிக்' என்று விழுந்தது. இன்னும் முறுக்கிப் பார்க்கவில்லை. முறுக்கப் பயமாக இருந்தது, பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம், பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்…

"மாமா! இதுல எங்க காலை வெக்கணும்?" மச்சினன் சீக்கிரமே வந்துவிட்டான். மேடையில் நின்றுகொண்டு, படகுக்கும் மேடைக்கும் நடுவில் தெரிகிற தண்ணீரைக் கிணற்றைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான், வங்கி மேலாளர், ஆள் ஆஜானுபாகு, தண்ணீர் என்றால் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் மட்டும்தான். "நடுவுல வை." "நடுவுன்னா எது மாமா? அது ஆடிக்கிட்டே இருக்கே." கீழேயிருந்து அவள் குரல், "டேய், யோசிக்காம வாடா, யோசிச்சா விழுவே." "உனக்கென்னக்கா, நீ ஆறு வருஷமா சர்க்கஸ்ல இருக்கே." ஒரு வழியாகத் தாவினான், படகு முழுக்கச் சாய்ந்து எழுந்தது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இவரைப் பார்த்துச் சிரித்தான், பிறகு எதற்கு வந்திருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து சிரிப்பைப் பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டான். "மாமா… நான் ஒண்ணும் சொல்லலை. அக்காதான்…" "தெரியும்டா." "நீங்களும் அடிக்கடி வாங்க மாமா. பஸ்ஸே இருக்கு." பஸ்ஸே இருக்கு. அவர் தலையை ஆட்டிவிட்டுக் குமிழைத் திருகினார், ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவதில் கைக்குள் ஒரு எதிர்ப்பு வந்தது, நல்ல எதிர்ப்பு, கையை நீட்டியதும் யாரோ பதிலுக்குப் பிடிக்கிற மாதிரி. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். தூணே முனகியது, சக்கரம் அசையவில்லை. தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு வேகமாகப் போனது, அதன் அலை வந்து மேடையில் இருந்த எல்லாப் படகுகளையும் தூக்கித் தூக்கிப் போட்டது, இந்தப் படகும் ஏறி இறங்கியது… சத்தமே இல்லை. டாக்டர் அங்கிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், உடனே இறக்கிக்கொண்டார்.

பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. மச்சினன் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு, படகும் மேடையுமாகத் தாவிக்கொண்டிருந்தான். அவள் தோள்பையோடு மேலே வந்து நின்றாள். "முடிஞ்சிடுச்சா?" "நீயே பாரு." அவள் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினாள், பிறகு இரண்டு கையாலும். "அடேயப்பா, அசையவே மாட்டேங்குது" என்றாள். முகத்தில் நிஜமான சந்தோஷம் ஒரு கணம் வந்துபோனது, அவருக்காக வந்த சந்தோஷம், குழந்தை கொண்டுவந்து காட்டுகிற ஓவியத்தைப் பார்க்கிற மாதிரி. இப்போது சொல்ல வேண்டும். இரண்டு நாள் இருந்து பாரேன், சத்தம் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போயேன். அல்லது, நானும் வரேன். எதைச் சொல்வது, எந்த ஒன்றை முதலில் சொல்வது, என்று வாய்க்குள் ஏதோ திரண்டுகொண்டிருந்தபோது, "சிலிண்டர் வால்வை மூடிட்டுப் படுங்க, மறந்துடுறீங்க" என்றாள். "சரி" என்றார். "திசைகாட்டியை அப்படியே விட்டுடாதீங்க, வயர் பிஞ்சிடும்." "இதோ, மாட்டிடுறேன்." உண்மைதான், சாய்த்து வைத்த இடத்திலிருந்து நழுவி வயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துத் தூணின் தலையில் உட்கார வைத்து, துளைக்கு நேராகத் துளை வரும்படி திருப்பி, குனிந்து, முதல் திருகாணி, இரண்டாவது, விரலில் கிரீஸ் வழுக்கியது, மூன்றாவது… மச்சினன் தாவினான், படகு சாய்ந்தது, இன்னொரு அலை, மறுபடியும் சாய்ந்தது, நான்காவது திருகாணி பழைய உப்பில் சிக்கிக்கொண்டது, இரு, இதை மட்டும் மாட்டிவிட்டு எழுந்து சொல்லிவிடுகிறேன், நானும் வரேன் என்றே சொல்லிவிடுகிறேன்…

எழுந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் மேடையில் பாதித் தூரம் போயிருந்தாள், தோள்பை ஒரு பக்கம் இழுக்க, தம்பி ஏதோ சொல்ல, அதற்குத் தலையை ஆட்டிக்கொண்டு. எப்போது இறங்கினாள்? "வரேன்" என்று சொன்னாளா, இவர் "ம்" என்றாரா, சொல்லியிருப்பாள், அவள் சொல்லாமல் போகிறவள் இல்லை. ஆனால் இறங்கியது எப்படித் தெரியாமல் போனது… தெரியுமே, எப்போதும் தெரியுமே. விடியற்காலையில் அவள் கரைக் குளியலறைக்குப் போகக் கால் எடுத்து வைத்தால் இங்கே சக்கரம் ஒரே ஒரு தரம் 'டக்' என்னும், அலை என்றால் அது இரண்டு தரம், டாக்டர் ஏறினால் நீளமாக ஒரு முனகல், அவளுக்கு மட்டும் சின்னதாக ஒரு டக், திரும்பி ஏறினால் இன்னொரு டக், அதைக் கேட்டுவிட்டுப் புரண்டு படுப்பார். அரைத் தூக்கத்தில் கேட்டது, கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டது. என்ஜின் பொந்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாலும் அவள் வந்துவிட்டாள் என்று தெரிந்துவிடும், எப்படித் தெரிகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது இன்னொரு அலை வந்தது, படகு ஏறி இறங்கியது, சக்கரம் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவள் குரல் கொடுத்துக்கொண்டு ஏறுகிற பழக்கம் உள்ளவளும் இல்லை… மேடையின் கடைசியில் வேனின் கதவு திறந்தது. அவருடைய கை குமிழின் மேல் இருந்தது. விட்டால் மறுபடியும் அந்தச் சத்தம், ஆறு வருஷம் அவளைத் தூங்கவிடாத அதே சத்தம். விடாவிட்டால், என்றைக்காவது, எதையாவது எடுக்க மறந்தேன் என்றாவது, அவள் வந்து இந்தப் படகில் கால் வைத்தால்… வருவாளா என்பது வேறு, அது அவர் கையில் இல்லை, வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?